பரங்கிமலை ஆட்களும் சிலோன் பாறையும்

1

சிலோனில் இருப்பவன் என்றால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு மூன்று விஷயம்தான் ஞாபகம் வரும்: தேயிலை, குளிர், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் வேலையாட்கள். லீவில் வந்திருந்தபோது லஸ் மூலையில் என்னை நிறுத்திப் பேசியவர்கள் அத்தனை பேரும் இந்த மூன்றைத்தான் விசாரித்தார்கள். அங்கே உனக்கு என்ன வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மலைக்குள் ஓட்டை போடுகிற இடத்தில் பாறையைப் பார்த்துப் படம் வரைந்தேன் என்று சொல்லியிருப்பேன். நல்ல பையன், புத்தி பிசகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது யாரும் கேட்காமலே சொல்லப் போகிறேன். காரணம் முனியம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் ஏழுமலை எங்கள் சுரங்கத்தில் துளை போடும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவன். யுத்தம் முடிந்த மறு வருஷம், இதே மாசத்தில், சுரங்கத்தின் மேல்பாறை இடிந்து விழுந்து அவனும் அவனோடு நாலு பேரும் செத்துப் போனார்கள். ஐந்து பேரும் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஒரே குப்பத்திலிருந்து வந்த கல் உடைக்கிறவர்கள். முனியம்மா அப்போது வேலைத்தலத்தில் ஜல்லி சுமந்தாள். இப்போது ரோடு போடும் இடத்தில் அதே ஜல்லியைச் சுமக்கிறாள்.

கையில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள். அதற்குள் மூன்று காகிதங்கள். ஒன்று, இந்த ஊரில் இருக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்கும் சர்க்கார் பாரம். புதுப் பிரஜா உரிமைச் சட்டம் வந்ததிலிருந்து மலைநாட்டில் நம் ஜனங்கள் எல்லோர் கையிலும் இந்தப் பாரம்தான். இரண்டாவது, குப்பத்திலிருந்து யாரோ எழுதிக் கொடுத்து வந்த கடிதம். "நாலு பேரைக் கொன்றவன் பெண்டாட்டி இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது" என்று அதில் இருந்தது. மூன்றாவது, விபத்தைப் பற்றி நடந்த விசாரணையின் கடைசித் தாள். இங்கிலீஷில் டைப் அடித்தது.

"எல்லாரும் ஏயுமலதான் முட்டு மரத்தப் புடுங்கி நாலு பேர சாவடிச்சான்றாங்கோ. நான் நம்பல. அந்தக் காயிதத்துல இன்னா எய்திக்கீதுன்னு நீ படிச்சி சொல்லு சாமி. ஊருக்குப் போறதுன்னா அத்த தெரிஞ்சிக்கினுதான் நான் போவணும்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். தாளின் அடியில் சாட்சியின் கையெழுத்து இருந்தது. என் கையெழுத்து.

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்கும்மா. கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வா" என்றேன்.

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "செரி சாமி" என்று சொல்லிவிட்டு, டின்னை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

2

சுரங்கம் என்றால் மெட்ராஸில் பலருக்கும் கோட்டைக்கு அடியில் ராஜா தப்பித்துப் போகும் வழிதான் மனசில் வரும். இது அது இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஆற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, சரிவில் விழவைத்து மின்சாரம் எடுக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வருவார்கள். நடுவில் சந்திக்க வேண்டும்.

குடைவதற்கு ஒரு முறை இருக்கிறது. முகப்புப் பாறையில், காற்றில் ஓடும் துளைக் கருவியால், ஆள் நீளத்துக்கு வரிசையாகத் துளைகள் போடுவார்கள். துளைகளில் வெடிமருந்தைத் திணித்து எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். நடுவில் இருக்கும் துளைகள் முதலில் வெடித்து ஒரு பள்ளம் பறிக்கும். சுற்றி உள்ளவை பிறகு வெடித்து அந்தப் பள்ளத்துக்குள் பாறையைத் தள்ளும். புகை அடங்கிய பின் கடப்பாரையோடு இரண்டு பேர் போய், மேலே தொங்கும் கற்களைக் குத்தித் தள்ளுவார்கள். அப்புறம்தான் கல் அள்ளும் ஆட்கள் உள்ளே போகலாம். மறுபடி துளை, மறுபடி வெடி. ஒரு நாளைக்கு இத்தனை அடி என்று இஞ்சினியர் கொழும்புக்குச் சொல்லியிருப்பார். பாறைக்கு அது தெரியாது.

எங்கள் மலையில் பெரும்பாலும் இருந்தது கருநீலமாய், கனமாய் ஒரு கல். முதல் நாள் ஏழுமலை அதில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா சாமி இது, எங்க மலக் கல்லு! இதுக்கா கப்பலேறி வந்தோம்?"

அவன் சொன்னது சரி. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கிற அதே கல்தான் இங்கேயும். நான் காலேஜில் இரண்டு வருஷம் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிட்டான். இந்தக் கல் சிலோன் கல்லா இந்தியக் கல்லா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அதை உடைக்க வந்தவனைத்தான் கேட்கிறது.

ஏழுமலையின் வித்தை அவன் காதில் இருந்தது. கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டுவான். நல்ல பாறை 'டங்' என்று பதில் சொல்லும். உள்ளே விண்டுபோன பாறை 'பொத்' என்னும். சந்தையில் பெண்கள் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்களே, அந்த மாதிரி. அவன் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினால்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். வெள்ளைக்கார இஞ்சினியர் போகச் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

என் வேலை அதற்கடுத்தது. விளக்கை வைத்துக்கொண்டு முகப்புக்கு எதிரில் நின்று என்ன கல், விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எங்கே கசிகிறது என்று ஒரு புத்தகத்தில் படம் வரைய வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கேள்வி அச்சடித்திருக்கும்: இந்த இடத்தில் பாறைக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமா? 'ஆம்' என்று எழுதினால், கொழும்பிலிருந்து சர்க்காரின் வெள்ளைக்கார இஞ்சினியர் வந்து பார்த்து, எத்தனை மரம், எங்கே என்று கையெழுத்துப் போடும்வரை வேலை நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைத்த மரத்தை அவர் உத்தரவில்லாமல் யாரும் தொடக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு சக்தி. அதை எழுதுகிற அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

3

எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் அத்திம்பேர். அக்கா கோமதியின் அகமுடையான். சுரங்கத்தைக் குடைகிற காண்டிராக்டரிடம் அவர்தான் வேலைத்தல இஞ்சினியர்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்பதைச் சொன்னால்தான் இனிமேல் வரும் கதை புரியும். அக்காவின் தலைதீபாவளிக்கு அத்திம்பேர் மயிலாப்பூருக்கு வந்திருந்தார். காபியில் டிகாக்ஷன் ஒரு துளி குறைந்துவிட்டதென்று அம்மா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். அப்பா, ஐகோர்ட்டில் ஜட்ஜுகளையே எதிர்த்துப் பேசுகிறவர், மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு உட்காருவதற்காக நின்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு நடுவில் அத்திம்பேர் அம்மாவைப் பார்த்து, "கோவில்லேர்ந்து சாந்தோம் சமுத்திரம் வரைக்கும் ஒரு சுரங்கம் இருக்காம். உள்ளே குதிரையே போகுமாம்" என்றார்.

"அப்படியா! பெரியவா சொல்லிக் கேட்டிருக்கேன்" என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

எனக்கு அப்போது காலேஜில் முதல் வருஷம். புதிதாகப் படித்த திமிர். "அத்தனையும் மணல், அத்திம்பேர். பத்தடி தோண்டினா தண்ணி வந்துடும். குதிரை எங்கே போறது, எலி போனாலே மேலே சரிஞ்சுடும்" என்று சிரித்துவிட்டேன்.

இலைகளில் கை நின்றது. அத்திம்பேர் பாயசம் வேண்டாம் என்று எழுந்து கை அலம்பப் போய்விட்டார். அன்று சாயந்திரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை சொன்னா சொன்னதுதான். நீ படிச்சதை உன் நோட்டுப் புஸ்தகத்தோட வெச்சுக்கோ" என்றார். அத்திம்பேர் காலில் விழுந்து நமஸ்காரம் செய்தேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்து முதுகில் தட்டினார். அந்த நிமிஷத்தில் மயிலாப்பூர் மண்ணுக்குள் சுரங்கம் இருந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பயந்து தியாகராய நகர் பார்க்கில் ஆள் பதுங்கப் பள்ளம் வெட்டினார்கள். ஊரில் பாதி வீடு காலி. முதல் மழைக்கே பள்ளம் எல்லாம் இடிந்து தூர்ந்துபோயிற்று. அதை அத்திம்பேரிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. காட்டவில்லை. அதற்குள் நன்றாகப் பழகியிருந்தேன்.

4

இந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை டவுனில் உள்ள கச்சேரிக்குப் போனேன். இங்கே கச்சேரி என்றால் சர்க்கார் ஆபீஸ், வயிற்றெரிச்சலைத் தவிர அங்கே எதுவும் கேட்காது. முனியம்மாவின் பாரத்தை எப்படியாவது நிரப்பி அனுப்பிவிட்டால், அவள் இங்கேயே இருந்துவிடுவாள், ஊருக்குப் போகும் பேச்சும் அந்தத் தாளைப் படிக்கும் பேச்சும் நின்றுபோகும் என்று எனக்கு ஒரு கணக்கு.

அங்கே இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர். பாரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறா?"

"யுத்தம் முடியற சமயத்துல வந்தா."

"அப்ப வருசம் காணாது. புருஷன்ர துண்டு, கடுதாசி ஏதும் இருக்கோ?"

"புருஷன் வேலையில செத்துப்போயிட்டான். அதுக்கு விசாரணை ரிக்கார்டு இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "செத்ததுக்குத் துண்டு இருக்கு. இருந்ததுக்குத் துண்டு இல்லை. நான் என்ன செய்ய? உங்கட ஆக்களுக்கு இதைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

என் சொந்தப் பாரம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. உத்தியோகம், சம்பளச் சீட்டு, வீட்டு விலாசம், எல்லாம் இங்கிலீஷில் பளிச்சென்று இருந்தன. மலையைக் குடைந்தவர்களுக்கு இடமில்லை, படம் வரைந்தவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

வியாழக்கிழமை பையன் ரவி பள்ளிக்கூட விடுதியிலிருந்து லீவுக்கு வந்தான். பன்னிரண்டு வயசு. அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். என் மனைவி விசாலத்துக்கு அதில் ஒரு பெருமை. இந்தத் தடவை கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். தலைப்பு 'நமது நாட்டின் மின்சாரம்'. நமது நாடு என்றால் சிலோன். வாங்கிப் படித்தேன். அவனுடைய அங்கிள், அதாவது என் அத்திம்பேர், மலையைத் துளைத்த வீரராக அதில் வருகிறார். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு வாக்கியம்: 'கூலிகளின் அஜாக்கிரதையால் ஐந்து உயிர்கள் போயின.'

"இது உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் லைப்ரரியில இருக்கிற ரிப்போர்ட்ல போட்டிருக்கு அப்பா. ஏன், தப்பா?"

இங்கிலீஷில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. தப்பு இல்லை என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். என் பொய் என் பையன் கையெழுத்தில், பரிசு முத்திரையோடு, என் வீட்டுக்கே வந்துவிட்டது.

5

நடந்தது இது.

ஒரு நாள் துளைக் கருவி திடீரென்று சுலபமாக உள்ளே போக ஆரம்பித்தது. ஒரு துளைக்கு ஆகிற நேரத்தில் மூன்று துளை. ஆட்களுக்குக் குஷி. ஏழுமலைக்கு மட்டும் முகம் சரியில்லை. துளையிலிருந்து வடிந்த தண்ணீர் சாம்பல் நிறத்திலிருந்து பழுப்பாக மாறியிருந்தது. விரலில் தொட்டால் வழவழவென்று களி. வெடித்த பிறகு போய்ப் பார்த்தேன். எங்கள் கருநீலக் கல் முடிந்து, சீனி மாதிரி உதிர்கிற வெள்ளைச் சுண்ணாம்புக் கல் ஒரு பட்டையாகக் குறுக்கே வந்திருந்தது. அதற்கும் கருநீலக் கல்லுக்கும் நடுவில் நெடுக, ஒரு கை அகலத்துக்குக் களிமண். அந்த மாதிரி இடத்தில் எண்ணெய் தடவிய பலகையின் மேல் உட்கார்ந்திருப்பது போலத்தான் மேல்பாறை இருக்கும்.

ஏழுமலை மேலே தட்டினான். "கேட்டியா சாமி? ஒயுங்கா இல்ல. எய்திக்கோ" என்றான்.

இப்படிப்பட்ட இடத்தைக் கடக்க வழி இல்லாமல் இல்லை. துளையின் நீளத்தைப் பாதியாக்க வேண்டும், மருந்தைக் குறைக்க வேண்டும், முன்னால் ஒரு நீளத் துளை போட்டு இன்னும் எவ்வளவு தூரத்துக்கு இந்தச் சனியன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பின்னாலேயே நெருக்கமாக மரச்சட்டம் நிறுத்திக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். இரண்டு முனையும் சந்திப்பதைப் பார்க்க மந்திரி வருவதாக நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவர் அத்திம்பேர்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருடைய ஆபீஸ் கொட்டகைக்குப் போனேன். படம் வரைந்திருந்தேன். அடியில் உள்ள கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

"அத்திம்பேர், மேல்பாறை கொஞ்சம் சரியா இல்லையோன்னு தோண்றது. கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கலாமோ?"

"தோண்றதையெல்லாம் எழுதிண்டிருந்தா மந்திரி வந்து வெறும் மலையைப் பார்த்துட்டுப் போவார்" என்றார். "அந்த வெள்ளைக்காரன் முன்னாடி ஆத்து மனுஷாளே என்னை மட்டம் தட்டினா நன்னா இருக்குமா, வைத்தி? நீயே சொல்லு."

'ஜாக்கிரதையா இருக்கலாமோ' என்பது எந்த ஊர்ப் பாஷை? பாறையைப் பற்றிப் பேசுகிற பாஷையா அது? மாப்பிள்ளைக்கு டிகாக்ஷன் போதுமா என்று கேட்கிற பாஷை. அதில்தான் ஐந்து பேர் உயிரைப் பற்றிப் பேசினேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், அங்கேயே, அவர் மேஜையிலேயே, 'முட்டுத் தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏழுமலை என்னை எதுவும் கேட்கவில்லை. அவனாகவே ஆட்களை வைத்து அந்த இடத்தில் நாலைந்து ஜோடி மரத்தை நிறுத்திக்கொண்டான். எனக்குப் பெரிய நிம்மதி. நான் எழுதாமலே காரியம் ஆகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரம் மரம் பாறையைத் தாங்கியது.

பிறகு கல் அள்ளும் யந்திரம் ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. அது முகப்புக்குப் போக ஏழுமலையின் மரங்கள் இடைஞ்சல். அத்திம்பேர் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"முட்டுத் தேவையில்லைன்னு நீயே எழுதியிருக்கே. ரிக்கார்டுல இல்லாத மரம் அங்கே எதுக்கு?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வெளியே போய் ஏழுமலையிடம் மரத்தை எடுக்கச் சொன்னார்.

ஏழுமலை முடியாது என்றான். அந்த ஆள் இஞ்சினியரிடம் முடியாது என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். இரண்டு வருஷம் காலேஜில் படித்த நான் சொல்லாத வார்த்தை. மறுநாள் காலையில் என்னவோ ஒப்புக்கொண்டுவிட்டான். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவனே முன்னால் போய் மரத்தைத் தட்டினான். ஏன் ஒப்புக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி ஜோடியை எடுக்கும்போது மேல்பாறை களிமண்ணின் மேல் வழுக்கிக்கொண்டு மொத்தமாக இறங்கியது. தள்ளி நின்ற நாலு பேருக்கும் அது தப்பி ஓடுகிற தூரமாக இல்லை.

விசாரணைக்கு முன்னால் மயிலாப்பூரிலிருந்து அப்பாவின் கார்டு வந்தது. நலம் விசாரித்துவிட்டு, 'மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு. கோமதி ஏழாம் மாசம்' என்று எழுதியிருந்தார். பார்த்துக்கொண்டேன். மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு மரத்தை நிறுத்தினான், யாருடைய உத்தரவும் இல்லாமல் தன் இஷ்டத்துக்கே எடுத்தான், பாறையில் பலவீனம் எதுவும் ரிக்கார்டில் இல்லை என்று சொன்னேன். கடைசியில் சொன்னது நிஜம். ரிக்கார்டில் இல்லைதான்.

6

அத்திம்பேர் இப்போது தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். போன லீவில் போயிருந்தேன். நாலைந்து பெரிய மனிதர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பாறைக்குள் நாட்கணக்கில் சூரியனைப் பார்க்காமல் வேலை செய்ததை அத்திம்பேர் சொல்லிக்கொண்டிருந்தார். கடப்பாரையால் தட்டிப் பாறையின் நாடியைப் பார்ப்பாராம். 'டங்' என்றால் நல்ல பாறையாம். அந்த 'டங்'கை அவர் வாயால் கேட்டதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏண்டா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? காபி நன்னா இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"நன்னாத்தான் இருக்கு" என்றேன். அங்கே எது கேட்டாலும் எனக்கு அந்த ஒரு பதில்தான் வரும்.

இது அச்சாகிற இந்தப் பத்திரிகையை அக்கா வாங்குகிறவள். வந்த அன்றே முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவாள். இதையும் படிப்பாள். அக்கா, உனக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ வேண்டாம் என்று பதில் போடுவாய், நான் கேட்டுவிடுவேன். அதனால் எழுதவில்லை.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. முனியம்மா சொன்னபடி வந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணைத் தாளைத் தமிழில் படித்துச் சொன்னேன். மாற்றாமல், மழுப்பாமல் படித்தேன். அடியில் இருப்பது என் கையெழுத்து என்றும் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் கையெய்த்துன்னு காயிதம் குடுக்கறப்பவே சொன்னாங்கோ. அதுக்குத்தான் உன்னாண்ட வந்தேன். நெசமான்னு நீ சொல்லு."

"நிஜமில்லை. பொய். மரத்தை எடுக்கச் சொன்னது இஞ்சினியர்" என்றேன். "உங்க ஊர்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டற மாதிரி தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன். கேட்டுக்கோ."

வாரம் முழுக்க அடித்தடித்து எழுதிய தாள் அது. படித்தேன். ஏழுமலையும் அவனோடு செத்த நாலு பேரும் பெயர் பெயராக அதில் இருந்தார்கள். மரத்தை நிறுத்தியது ஏழுமலை, அது உயிர்களைக் காப்பதற்காக. எடுக்க உத்தரவு போட்டது இஞ்சினியர் இன்னார், என் அத்திம்பேரின் முழுப் பெயர். ஏழுமலை மறுத்தான். மற்றவர்களை அனுப்பாமல் தானே முன்னால் போனான். விசாரணை செய்த வெள்ளைக்காரரின் பெயர். விசாரணையில் சொல்லப்பட்டது பொய். ஏழுமலை யாரையும் கொல்லவில்லை. கீழே என் கையெழுத்து, விலாசம், உத்தியோகம்.

படித்து முடித்தேன். அத்திம்பேரின் பெயரை அப்படி எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

முனியம்மா விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எல்லார் பேரும் வந்திச்சி. நீயும் அங்கதானே இருந்தே? உன் பேரு வரலியே சாமி" என்றாள்.

"கீழே கையெழுத்துப் போட்டிருக்கேனேம்மா."

"அது கீய கீது. நான் உள்ள கேக்கறேன்."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய வாக்குமூலத்தில் நான் எங்குமே இல்லை. எல்லோரும் ஏதாவது செய்கிறார்கள், நான் மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். பேனாவை எடுத்து, அத்திம்பேர் உத்தரவு போட்டார் என்ற வரிக்கு மேலே இருந்த இடத்தில் நெருக்கி எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன்: 'அந்த இடத்துப் பாறை கெட்டது என்று வைத்தியநாதனாகிய எனக்கு முன்பே தெரியும். ஏழுமலை எழுதச் சொன்னான். முட்டுத் தேவையில்லை என்று எழுதிவிட்டேன். தேவை என்று எழுதியிருந்தால் அந்த மரத்தை எந்த இஞ்சினியராலும் எடுத்திருக்க முடியாது.'

முனியம்மா, "நீ எய்தலியா?" என்று கேட்டாள். திட்டுகிற குரலில் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"எழுதலை."

"அன்னிக்கி காலீல போவாதேன்னு நான் சண்ட போட்டேன் சாமி. முடியாதுன்னு சொல்லிட்டு வந்தவன் இன்னாத்துக்கு மறுக்காப் போறேன்னு கேட்டேன். அதுக்கு அவன் இன்னா சொன்னான் தெரியுமா? நம்ம ஊரு சாமி எல்லாத்தையும் பொஸ்தவத்துல எய்திக்கினு போயிருக்காரு, அத்த படிச்சிப் பாத்துட்டுத்தான் எடுக்கச் சொல்றாங்கோ, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டுப் போனான்."

தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து டின்னுக்குள் வைத்தாள். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.